சனிக்கிழமைகளில் தானாக எரிந்த விளக்கு

நான் உயிரோடு இருக்கிறேனா என்பது என் மகனுக்குத் தினமும் மாலை ஏழு மணிக்குள் தெரிந்தாக வேண்டும். அவன் பெங்களூரில் இருக்கிறான். நான் திருச்செங்கோட்டில் இருக்கிறேன். இதற்கு அவன் கண்டுபிடித்த கருவி என் வீட்டு வாசல் விளக்கு. விளக்கு எரிந்தால் அம்மா இருக்கிறாள். எரியாவிட்டால் இல்லை, அல்லது இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறாள்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் ஒரு காய்ச்சல். என் கணவர் போன மறு வருஷம், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி ஒரு காய்ச்சல் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, போனை எங்கேயோ வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். வேலையில் சேர்ந்த நாள் முதல் ரிட்டயர் ஆகும்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். ஊரில் எவன் எவனோடு எவ்வளவு நேரம் பேசினான் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனாலேயே ஓய்வு பெற்ற பிறகு எந்த மணி அடித்தாலும் எடுக்கத் தோன்றுவதில்லை. அடிக்கிறவனுக்கு அவசரம் என்றால் நேரில் வரட்டும் என்பது என் கொள்கை. எதிர் வீடு முதல் மளிகைக் கடை வரை எல்லோருக்கும் இதைச் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

மகன் நேரில் வந்தான். ராத்திரியோடு ராத்திரியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்து, கதவைத் தட்டி, நான் எழுந்து வருவதற்குள் தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்துவிட்டான். உள்ளே பாய்ந்து வந்தவன், டம்ளரும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து அழுதான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அது தேக்குக் கதவு, பித்தளைத் தாழ்ப்பாள்.

அன்றைக்கே பேச்சுவார்த்தை தொடங்கியது. பெங்களூருக்கு வந்துவிடு என்றான். மாட்டேன் என்றேன். அப்படியானால் ஹாலில் ஒரு கேமரா வைக்கிறேன் என்றான். குளித்துவிட்டு ஈரத்தலையும் உள்பாவாடையுமாக நான் நடமாடுகிற ஹால் அது, ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில் அதைப் பார்க்க உனக்கு அவ்வளவு ஆசையா என்று கேட்டேன். கேமரா பேச்சு அதோடு நின்றது. கடைசியில் விளக்குக்கு வந்து சேர்ந்தோம். பொழுது சாய்ந்ததும் நான் வாசல் விளக்கைப் போட வேண்டும். எதிர் வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு "லைட் போட்டாச்சுங்க" என்று அவனுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். ஏழு மணிக்குள் மெசேஜ் வரவில்லையென்றால் அவன் கிளம்பி வருவான்.

"ஒரே ஒரு நாள் மிஸ் ஆனாலும் சரி, நீ என்கூட வந்தர்றே. அப்புறம் பேச்சே கெடையாது" என்றான். குரல் அப்பாவுடையது, பிடிவாதம் என்னுடையது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் தப்பிக்க வழியில்லை. ஒப்புக்கொண்டேன்.

பெங்களூர் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஒன்பதாவது மாடி. அங்கே ஒரு மாதம் இருந்திருக்கிறேன். பால்கனியில் நின்றால் இன்னொரு பால்கனி தெரியும். அதில் இன்னொரு கிழவி நிற்பாள். அவளும் யாருடைய அம்மாவாகவோ இருந்தாள். நானும் அவளும் ஒரு மாதம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒரு நாள் கூடக் கை அசைக்கவில்லை. மருமகள் நல்லவள், என்னை ஒரு துரும்பைக்கூட அசைக்க விடமாட்டாள். அதுதான் பயம். நான் என் வீட்டிலேயே இருக்க வேண்டும், என் கையால் ஆக்கித் தின்ன வேண்டும், சாகும்போதும் இங்கேதான் சாக வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. ரம்மியைத் தவிர.

ரம்மிதான் சிக்கல். சேலத்தில், செவ்வாய்ப்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில், என்னோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த சிநேகிதியின் வீடு இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் பழைய ஆபரேட்டர்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவோம். காசு வைத்து ஆடுவதில்லை. தோற்றவள் டீ போட வேண்டும், மற்றவர்கள் அந்த டீயைக் குறை சொல்ல வேண்டும். ஆட்டம் சூடு பிடிப்பதே ஐந்து மணிக்கு மேல்தான். விளக்கு ஒப்பந்தம் வந்த பிறகு, நாலரை மணிக்கே சீட்டைக் கீழே வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டியதாயிற்று. கையில் இரண்டு ஜோக்கரோடு ஒரு தடவை எழுந்து வந்தேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் டைமர் வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு வாங்கப் போன சாக்கில், பக்கத்துத் தெருவில் ஓர் எலெக்ட்ரிக் கடைக்குள் நுழைந்தேன். லைட் தானாக எரிந்து தானாக அணைகிற ஸ்விட்ச் வேண்டும் என்றேன்.

"ஊருக்குப் போறீங்களாம்மா? திருடனுக்கு ஊட்ல ஆள் இருக்கற மாதிரி தெரியணும், அதானுங்களே?" என்றார் கடைக்காரர்.

"திருடனுக்கு இல்லைங்க. மகனுக்கு" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவருக்கும் மகன்கள் இருப்பார்கள்.

முதலில் ஒன்றை எடுத்துக் காட்டினார். போனில் இருந்தபடியே போடலாம், அணைக்கலாம், உலகத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும். வீட்டு வைஃபையோடு சேர்த்துவிட்டால் போதும். எங்கள் வீட்டு வைஃபை மகன் பெயரில், மகன் பணத்தில், மகன் பாஸ்வேர்டில் ஓடுவது. திருடப் போகிற வீட்டுக்காரனிடமே ஏணி கேட்கிற கதையாக ஆகிவிடும் என்று அதை ஒதுக்கிவிட்டேன்.

அடுத்தது டிஜிட்டல். சின்னத் திரை, உள்ளே பேட்டரி, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக நேரம் வைக்கலாம். இன்னொரு வசதியும் இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால், தினமும் ஒரே நேரத்தில் எரியாமல் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி மாற்றி எரியும், ஆள் போடுவது போலவே இருக்கும் என்றார். அந்தப் பித்தலாட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பொத்தான்கள் கடுகளவுக்கு இருந்தன. கடையிலேயே இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தேன். இரண்டாவது தடவை திரையில் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை வந்து நின்றுகொண்டு நகர மாட்டேன் என்றது. கடைக்காரராலும் அதை நகர்த்த முடியவில்லை.

மூன்றாவதைப் பார்த்ததுமே என் கை அதன்மேல் போய்விட்டது. உள்ளங்கை அகலத்தில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி விளிம்பில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பற்கள். எந்த நேரத்துக்கு எரிய வேண்டுமோ அந்தப் பற்களை அமுக்கிவிட வேண்டும். சக்கரத்தை இப்போதைய மணிக்குத் திருப்பி பிளக்கில் சொருகினால் முடிந்தது. திருப்பும்போது கிர்ரென்று ஒரு சத்தம் வந்தது. எங்கள் பழைய டயல் போன் திரும்பி வருகிற சத்தம். நான் வேறெதையும் கேட்கிற நிலையில் இல்லை.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்கம்மா. கரண்ட் நின்னா இதுவும் நின்னுக்கும்" என்றார் கடைக்காரர்.

"கரண்ட் நின்னா ஊரே நிக்குதுங்க, இது நின்னா என்ன?" என்று ஒரு போடு போட்டேன். பக்கத்தில் ஒயர் வாங்க நின்றவர்கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கடைக்காரர் சொன்ன விஷயம் அடிபட்டுப் போயிற்று.

வீட்டில் அதை மாட்டுவது எளிதாக இருந்தது. அந்தப் பெருமை என் கணவரைச் சேரும். வாசல் விளக்குக்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட மனமில்லாமல், ஜன்னல் வழியாக ஒயரை உள்ளே இழுத்து ஹால் பிளக்கில் சொருகி வைத்தவர் அவர். ஒரு வாரத்தில் சரி பண்ணிவிடுகிறேன் என்றார். போய்ச் சேரும்வரை அந்த ஒரு வாரம் முடியவில்லை. அந்த பிளக்குக்கும் ஒயருக்கும் நடுவில் டைமரைச் சொருகினேன். பொழுது சாய்கிற நேரத்துக்கான பற்களிலிருந்து படுக்கிற நேரம்வரை ஒவ்வொன்றாக அமுக்கினேன்.

அன்று மாலை நாற்காலியைப் போட்டுக்கொண்டு அதற்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். டக் என்றது. வாசலில் விளக்கு எரிந்தது. என்னையறியாமல் இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டுவிட்டேன். பொழுதோடு விளக்குப் போட்டால் யார் போட்டாலும் கும்பிடுவது எங்கள் வழக்கம். ஆனால் இதுவரை போட்டது நானாகவோ அவராகவோதான் இருந்தது. ஆளே இல்லாமல் எரிந்த விளக்கைக் கும்பிட்டபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவர் நினைப்பும் வந்தது. எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகள் என் சனிக்கிழமைகள் ஆயின. இருட்டின பிறகு பஸ் ஏறி, நிதானமாக வீடு வந்து சேருவேன். மெசேஜ் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. "இப்பெல்லாம் கரெக்ட் டைமுக்குப் போட்டர்றயாமா, குட்" என்று மகன் சர்டிபிகேட் கொடுத்தான். எதிர் வீட்டம்மாவும் ஒரு நாள் "அக்கா முன்ன மாதிரி இல்லீங்க, இப்ப கடியாரமாட்டப் போடறீங்க" என்றாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் வீட்டுக்காரரும் இரண்டு மகன்களும் ரிக் லாரி வைத்து ஊர் ஊராக போர்வெல் போடுகிறவர்கள். லாரி வெளியூர் போகாத நாட்களில் மூன்று ஆண்களும் வீட்டில்தான் இருப்பார்கள். அவளை நான் ஏமாற்றிவிட்டேன் என்பதில் எனக்கு லேசான பெருமைகூட இருந்தது, இல்லாததைச் சொல்லக் கூடாது.

மாதாமாதம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். அந்த மாதம் அது சனிக்கிழமையில் வந்து விழுந்தது. காலையிலேயே ஃபேன் நின்றுவிட்டது. விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு பஸ்ஸில் காற்றாவது வரும் என்று சீக்கிரமே கிளம்பினேன். ஐந்து மணிக்குக் கரண்ட் வந்துவிடும், ஆறு மணிக்கு மேல் விளக்கு எரியும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எக்ஸ்சேஞ்சில் ஊரே இருண்டு கிடந்தாலும் பேட்டரி ரூமின் புண்ணியத்தில் எங்கள் டெலிபோன் போர்டு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் கடிகாரமும் நின்றுவிடும் என்ற எண்ணம் அந்த வேலை பார்த்த மண்டைக்குள் ஏறவே ஏறாது.

ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இருட்டத் தொடங்குகிற நேரம். சேலத்தில் கரண்ட் ஒரு முறை போய், கண் சிமிட்டுவதற்குள் திரும்பி வந்தது. சிநேகிதியின் சமையலறையில் மைக்ரோவேவ் பீப் என்றது. அதன் நெற்றியில் மணி காட்டுகிற இடத்தில் வெறும் பூஜ்யங்கள் மின்னிக்கொண்டிருந்தன. "சனியன், ஒவ்வொரு தடவையும் இத வேற திருப்பி வெக்கோணும்" என்று அவள் எழுந்தாள்.

அப்போதுதான் கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. என் ஹாலில் அந்தச் சக்கரம் காலையிலிருந்து ஐந்து மணிவரை நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அதன் கணக்கில் இன்னும் காலை டிபன் நேரம். விளக்கு எரிந்திருக்காது. எதிர் வீட்டம்மா பார்த்திருப்பாள். மெசேஜ் போயிருக்காது. மகன் கார் சாவியைத் தேடிக்கொண்டிருப்பான்.

கையிலிருந்த சீட்டை அப்படியே கவிழ்த்துவிட்டு ஓடினேன். ஆட்டோ, பஸ் ஸ்டாண்டு, கிளம்பிக்கொண்டிருந்த திருச்செங்கோடு பஸ். போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லலாம். என்ன சொல்வது? நான் வீட்டில் இல்லை, இத்தனை வாரமாக உன்னை ஏமாற்றினேன், இப்போது நீ எனக்காக ஒரு பொய் சொல்லு என்றா? மகனைக் கூப்பிடலாம். அவனிடம் பஸ் சத்தத்தை எப்படி மறைப்பது? ஊரார் பேச்சையெல்லாம் இணைத்து வைத்தவளுக்கு ஒரு நம்பரைக்கூட அழுத்தத் தைரியம் வரவில்லை. ஆட்டையாம்பட்டி தாண்டும்போது மணி ஏழு. போன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மல்லசமுத்திரம் வரும்போது ஒன்பதாவது மாடியில் எனக்கு எந்த ரூம் கொடுப்பார்கள் என்பதுவரை யோசித்துவிட்டேன். அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

தெருவுக்குள் நுழைந்தபோது எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, என் வீட்டைத் தவிர. எதிர் வீட்டுப் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன்.

"வாங்கக்கா. போயி மொதல்ல லைட்டப் போடுங்க. எரியுதுன்னு உங்க பையனுக்குச் சொல்லிப்போட்டேன். என்னையப் பொய்க்காரி ஆக்கிப்போடாதீங்க."

போய்ப் போட்டேன். அவசரத்தில் டைமரைப் பிடுங்கிவிட்டு ஒயரை நேராகச் சொருகினேன். டைமரும் கையுமாகத் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தன நாளா உனக்குத் தெரியும் அம்முணி?"

"மொதச் சனிக்கெழமையே தெரியுமுங்க."

"எப்படி?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "பொழுது உழுகற நேரத்துல வெளக்கு மட்டும் எரியுது, வாசக்கதவு பூட்டிக் கெடக்குது. லச்சுமி எப்புடீங்க்கா உள்ள வருவா? வெளக்குப் போட்டுப்போட்டுக் கதவச் சாத்தி வெக்கற பொம்பளைய இந்தத் தெருவுல நான் பாத்ததே இல்லீங்க. நீங்க சாமியவே நாலு கேள்வி கேக்கறவங்க, ஆனாலும் அந்த நேரத்துக்குக் கதவத் தொறக்காம இருந்ததில்ல. அப்பறம் சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை கவனிச்சேன். பட்டுப் பொடவையோட பஸ் ஸ்டாண்டுக்குப் போறீங்க, இருட்டுக் கட்டி வாரீங்க."

இத்தனை பற்களை அமுக்கியவளுக்குக் கதவு ஞாபகம் வரவில்லை. விளக்கைப் போட்டதும் கதவைத் திறந்து வைப்பது என் கைக்குத் தெரிந்த வேலை, மூளைக்குத் தெரிந்ததல்ல. மற்ற நாட்களில் டைமர் டக் என்றதுமே என் கை போய்க் கதவைத் திறந்துவிடும். சனிக்கிழமை கை என்னோடு சேலத்தில் இருந்தது.

"தெரிஞ்சுமா அவனுக்கு மெசேஜ் போட்டே?"

"லைட் எரிஞ்சுதுங்களே. அவரு லைட்டத்தானே கேட்டாரு."

"இன்னிக்கு எரியலையே?"

"இன்னிக்குச் சனிக்கெழமைங்களே" என்றாள் சாதாரணமாக. "செவ்வாக்கெழமை கதவு சாத்திக் கெடந்துச்சுன்னா நான் மெசேஜ் போட்டுட்டு இருப்பனா? கடப்பாறையோட வந்து நின்னிருப்பேன். எங்கூட்டுல அதுக்கெல்லாம் சாமான் பஞ்சமே இல்லீங்க. லைட்டு எரிஞ்சாலும் வந்திருப்பேன்."

அவளை ஏமாற்றிவிட்டேன் என்று பெருமைப்பட்ட அத்தனை மாலையும் அவள் என் கதவைப் பார்த்துக்கொண்டு இந்தப் படியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. என் பரம்பரையிலேயே யாருக்கும் அது வராது. "உள்ள வா, டீ போடறேன்" என்றேன்.

"வேண்டாமுங்க. டீன்னாலே எரிச்சலா வருது" என்றாள். பிறகு முந்தானையைத் திருகிக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க்கா, சேலத்துல என்ன பண்றீங்க?"

"சீட்டு ஆடறோம்."

"ரம்மிங்களா? எங்கப்பன் ஊட்டுல நானும் ஆடுவனுங்க. கண்ணாலமாகி வந்ததுக்கப்பறம் சீட்டத் தொட்டதில்ல." தன் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்காச்சும் லைட்டு. எங்கூட்டுல ஆறு மணிக்கு மூணு பேருக்கும் டீ முன்னால வந்து நிக்கோணும். அதுக்கு ஒரு டைமர் இருந்தாச் சொல்லுங்க."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷம் எதிர் எதிராக இருந்து, இவளை நான் ஒரு நாளும் கேட்டதில்லை, உனக்கு எங்கேயாவது போக வேண்டுமா என்று.

"ஃபிளாஸ்க்குல ஊத்தி வெச்சுட்டு வா" என்றேன்.

"ஃபிளாஸ்க் டீயைக் கழனித்தண்ணீம்பாருங்க."

"சொல்லட்டும். குடிச்சுட்டுச் சொல்லட்டும்."

அடுத்த சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். டைமரைச் சரியாகத் திருப்பி மாட்டிவிட்டுத்தான் வந்தேன். அவள் ஆட்டத்தில் எங்கள் நாலு பேரையும் துவைத்துக் காயப்போட்டாள். அப்பன் வீட்டில் என்ன கற்றுக் கொடுத்தார்களோ, முகத்தில் ஒன்றும் காட்டாமல் டிக்ளேர் செய்தாள். நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு, இது கழனித்தண்ணி என்றாள். அன்றைக்கு அவளை எல்லோருக்கும் பிடித்துப்போனது அந்த வார்த்தையினால்தான்.

திரும்பி வரும்போது பஸ் சேலத்தைத் தாண்டியதும் இருட்டத் தொடங்கியது. கண்டக்டர் முன்னால் போய் உள் விளக்கைப் போட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைக் குவித்துக் கும்பிட்டோம். எங்கள் சீட்டில் மட்டுமல்ல, முன்னாலும் பின்னாலும் அரை பஸ் கும்பிட்டது. அவள் போனை எடுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் மகனுக்கு மெசேஜ் தட்டினாள்: லைட் போட்டாச்சுங்க. வீட்டில் எரிந்ததா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. பெங்களூரிலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது.

அதை அவள் என்னிடம் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அவள் வீட்டுக்காரர். நின்றது, மறுபடியும் அடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திரையில் இருந்த பெயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவசரம்னா நேர்ல வரட்டுமுங்க" என்றாள்.